குயின்ஸ் பார்க்கில் ஒரு பல்கலாச்சார நாள்: முதல் தொலைபேசி அழைப்பிலிருந்து நன்றிக் கடிதம் வரை

ரொறன்ரோவில் யூனிவர்சிற்றி அவெனியூவில் நின்று வடக்கே பார்த்தால், வீதி முடிகிற இடத்தில் இளஞ்சிவப்பு மணற்கல்லில் ஒரு பெரிய கட்டடம் தெரியும். அதுதான் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றம். 1893 ஏப்ரலில் திறக்கப்பட்டது. எல்லோரும் குயின்ஸ் பார்க் என்றே சொல்வார்கள். 2009இல் இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி அந்த அவெனியூவில் இரவு பகலாக நின்ற எங்கள் தமிழ் ஆட்கள் எத்தனையோ பேர் இந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்திருப்பார்கள். உள்ளே போனவர்கள் குறைவு. சோமாலிய, பிலிப்பினோ, உக்ரேனியக் குடும்பங்களிடம் கேட்டாலும் அநேகமாக இதே பதில்தான் வரும்.

அந்தக் குறையைப் போக்கவே ஒரு பல்கலாச்சார நாளை அங்கே வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆடல், பாடல், சாப்பாடு எல்லாவற்றையும் ஸ்காபரோவில் எந்த மண்டபத்திலும் வைக்கலாம். சட்டமன்றத்தில் வைப்பதற்குக் காரணம் வேறு. வாக்குப் போட்டவர்கள் தாங்கள் தெரிவு செய்தவர்களை அவர்களுடைய வேலைத்தளத்திலேயே சந்தித்துப் பேச வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் முடிவுகளில் பாதி தானாகவே எடுபட்டுவிடும்.

முதலில் ஒரு உறுப்பினர்

கட்டடத்துக்குள் அறை எடுப்பதற்கு மாகாணசபை உறுப்பினர் ஒருவரின் அனுசரணை வேண்டும். முன்புல்வெளியில் நடத்துவதானால் சட்டமன்ற நிர்வாகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுமே வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்குங்கள். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போனால் நிகழ்ச்சி நடுவழியில் நின்றுவிடும்.

அனுசரணை கேட்டு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன நாள், எத்தனை பேர், எந்தெந்தச் சமூகங்கள், யார் செலவு செய்வது, உறுப்பினரிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன: இந்த ஐந்தும் போதும். தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுங்கள். மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் கிழமைகள் ஓடிவிடும். அங்கே வேலை செய்யும் உதவியாளரின் பெயரை நினைவில் வைத்திருங்கள். அடுத்த ஆறு மாதமும் நீங்கள் பேசப்போவது பெரும்பாலும் அவருடன்தான்.

ஒரு கட்சி உறுப்பினர் மட்டும் அனுசரணை தந்தால் அது அவருடைய கட்சி விழாவாகிவிடும் என்று மற்றக் கட்சிக்காரர்கள் ஒதுங்குவார்கள். அதனால் முதலாமவர் சம்மதித்த உடனேயே அவரிடமே சொல்லி, எதிர்த்தரப்பிலிருந்தும் ஒருவரை இணை அனுசரணையாளராகக் கேளுங்கள். அழைப்பிதழில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அழைக்கப்படுகிறார்கள் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். தேர்தல் நெருங்கும் மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பெரிய புனரமைப்பு வேலைக்காக 2023இல் ஒரு சட்டமே இயற்றப்பட்ட பழைய கட்டடம் இது. எந்தெந்த அறைகள் பாவனையில் இருக்கின்றன என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

நாள் குறிப்பது

அதிகம் பிழைக்கிற இடம் இதுதான். கனடாவின் பல்கலாச்சார நாள் ஜூன் 27. 2002இல் ஆளுநர் நாயகத்தின் பிரகடனத்தால் வந்தது. பியர் ட்ரூடோ பல்கலாச்சாரக் கொள்கையைக் கூட்டாட்சிப் பாராளுமன்றத்தில் அறிவித்தது 1971 அக்டோபர் 8ஆம் நாள். அது 1982இல் உரிமைகள் சாசனத்தின் 27ஆம் பிரிவாக இடம்பிடித்தது. 1988இல் தனிச் சட்டமானது. ஆகவே ஜூன் 27 என்று கேட்டதும் பொருத்தமாகத்தான் தோன்றும்.

ஆனால் ஒன்ராறியோச் சட்டமன்றம் வழக்கமாக ஜூன் தொடக்கத்திலேயே கோடை விடுமுறைக்குக் கலைந்துவிடும். ஜூன் 27 அன்று போனால் கட்டடம் இருக்கும், உறுப்பினர்கள் இருக்க மாட்டார்கள். எங்கள் தமிழ் மரபுத் திங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒன்ராறியோவில் 2014இலும் கூட்டாட்சி மட்டத்தில் 2016இலும் அங்கீகாரம் கிடைத்த ஜனவரி மாதம், வழக்கமாகச் சபையின் குளிர்கால விடுமுறைக்குள் விழுகிறது.

என் கருத்து இது: சபை கூடும் நாள் ஒன்றையே பிடியுங்கள். சபை கூடுவது திங்கள் முதல் வியாழன் வரை, வெள்ளி இல்லை. இடையிடையே தொகுதிக் கிழமைகளும் வரும், அப்போது சபை கூடாது, உறுப்பினர்கள் தங்கள் தொகுதிகளில் நிற்பார்கள். சட்டமன்ற இணையத்தளத்தில் ஆண்டுக்கான கூட்ட அட்டவணை இருக்கிறது, அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மே மாதத்துச் செவ்வாய் அல்லது புதன் நல்ல தெரிவு. காலையில் விருந்தினர் பார்வையாளர் மாடத்தில் இருந்து கேள்வி நேரத்தைப் பார்க்கலாம், பின்னேரம் வரவேற்பு நிகழ்வை வைக்கலாம்.

அடுத்து, விழாக்களையும் துக்க நாட்களையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். றமழான் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகரும். பகலில் நோன்பிருப்பவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கக் கூடாது. மே மாதம் யூத மரபுக்கும் தெற்காசிய மரபுக்கும் உரிய மாதம், அந்தச் சமூகத்தவர்கள் அப்போது வேறு நிகழ்ச்சிகளில் ஓடித் திரிவார்கள். மே 18ஐ எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். எங்களுக்கு அது முள்ளிவாய்க்கால் நாள். 2021இல் இதே சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரமும் அந்த நாளில்தான் முடிகிறது. அதே மே 18தான், 1944இல் நாடு கடத்தப்பட்டதைக் கிரைமியத் தாத்தர்கள் நினைவுகூரும் நாளும். ஏப்ரல் 24 ஆர்மேனியருக்கு இப்படிப்பட்ட நாள். ஒவ்வொரு சமூகத்திடமும் "உங்களுக்கு எந்த நாள் சரிவராது?" என்று கேளுங்கள். எந்த நாள் வசதி என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

குழு

2021 கணக்கெடுப்பில் கனடியர்கள் 450க்கும் மேற்பட்ட இன, பண்பாட்டு மூலங்களைத் தங்களுடையவை என்று பதிந்திருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே நாளில் மேடையேற்ற முடியாது, ஏற்ற முயலவும் வேண்டாம். முதலாவது ஆண்டுக்கு எட்டு சமூகங்கள் போதும். அந்த எட்டுப் பேரும் திட்டமிடும் மேசையில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் முடிவெடுத்துவிட்டு, "உங்கள் பிள்ளைகளை ஆட அனுப்புங்கள்" என்று கடைசி மாதத்தில் கேட்பது விருந்துக்கு வந்தவரைப் பரிமாற விடுவது போன்றது. கேட்கப்பட்டவர்கள் வருவார்கள்தான். ஆனால் அடுத்த ஆண்டு வர மாட்டார்கள்.

எட்டில் ஓரிடம் சிறிய சமூகத்துக்கு இருக்கட்டும். ஓரிடம் ஒன்ராறியோவின் பிரெஞ்சு மொழிக்காரர்களுக்கு. அவர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மண்ணுக்குரியவர்கள்

இதற்கு நேரம் எடுங்கள். ரொறன்ரோ நிலம் 13ஆம் இலக்க உடன்படிக்கைக்குள் அடங்குகிறது. 1787இலும் 1805இலும் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மிசிசாகா மக்களிடம் பெறப்பட்ட நிலம் அது. அந்தப் பரிமாற்றத்தில் இருந்த அநியாயத்துக்காக 2010இல்தான் கனடிய அரசு மிசிசாகாஸ் ஒஃப் த கிரெடிட் முதல்குடியுடன் 145 மில்லியன் டொலர் தீர்வுக்கு வந்தது. நிலம் பறிபோன கதை எங்களுக்குத் தெரியாத கதை இல்லை. அதனால் இது எந்தப் பூர்வகுடியின் நிலம் என்று தொடக்கத்தில் சொல்லும் நில அங்கீகார வாசகத்தை யாரோ ஒருவர் தாளைப் பார்த்து ஒப்புவித்துவிட்டுப் போவதை ஏற்கவே என் மனம் இடம் கொடுப்பதில்லை.

மூத்தவர் ஒருவரை அழைக்க விரும்பினால் குறைந்தது மூன்று மாதம் முன்பே அந்த முதல்குடியின் அலுவலகத்துடன் பேசுங்கள். அனிஷினாபே மக்களிடையே மூத்தவரிடம் ஒன்றைக் கேட்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது மரபு. யார், எப்படிக் கொடுப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் அன்றைக்கே கையில் சேர வேண்டும். அவருக்குப் பேச எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அதற்கேற்ப மற்றவர்களின் நேரத்தைக் குறையுங்கள்.

பணம்

அறை கிடைத்தாலும் சாப்பாடு, ஒலியமைப்பு, பேருந்து, காப்புறுதி எல்லாம் உங்கள் தலையில்தான். ஜூன் 21 தொடக்கம் ஜூலை 1 வரையான கனடாக் கொண்டாட்டங்களுக்குக் கூட்டாட்சி மரபுரிமைத் திணைக்களம் உதவித்தொகை தருகிறது, ஜூன் 27உம் அதில் அடங்கும். அதற்கு முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். மே மாதத்தில் நடத்தும் நிகழ்ச்சிக்கு அந்தப் பணம் பொருந்தாது. உறுப்பினர்களா உதவித்தொகையா என்று வந்தால் நான் உறுப்பினர்களையே தெரிவு செய்வேன். 150 பேருக்குரிய நிகழ்ச்சியை எட்டுச் சங்கங்கள் பங்கு போட்டால் சுமக்க முடியும்.

பொறுப்புக் காப்புறுதியாக வழக்கமாகக் கேட்கப்படுவது 2 மில்லியன் டொலர். உங்கள் சங்கத்திடம் ஏற்கெனவே இருக்கலாம், பாருங்கள். பதிவுசெய்த இசையைப் பொது இடத்தில் ஒலிக்கவிட என்ரண்டம் நிறுவனத்தின் உரிமம் தேவை. பாட்டுக்காரர் நேரில் பாடினாலும், பாட்டு இன்னொருவருடையது என்றால் உரிமம் வேண்டும். இதைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

வாசலைக் கடப்பது

ஒருமுறை எங்கள் குழுவுடன் நடன வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். காலில் சலங்கை, இடுப்பில் ஒட்டியாணம், தலையில் ஊசி ஊசியாக. உலோகம் காணும் வாசலால் முதல் பிள்ளை நடந்ததும் அது கத்தியது. இரண்டாவதுக்கும் கத்தியது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து அழத் தொடங்கியது. அம்மாக்கள் குந்தியிருந்து ஒவ்வொரு சலங்கையாக அவிழ்த்தார்கள். நாங்கள் தொடங்க முக்கால் மணி பிந்தியது. பேச வந்திருந்த உறுப்பினர் ஒருவர் வாக்கெடுப்புக்குப் போய்விட்டார். காவலர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். முன்கூட்டிச் சொல்லாதது நாங்கள்.

ஆகவே உடைகளையும் கருவிகளையும் பற்றி ஒரு பட்டியல் தயாரித்து, சபையின் பாதுகாப்புக்குப் பொறுப்பான படைக்கலச் சேவிதரின் (Sergeant-at-Arms) பிரிவுக்கு இரண்டு கிழமை முன்பே அனுப்புங்கள். மிருதங்கம், பறை, சிலம்புக் கம்பு, வாள் நடனத்துக்கான மர வாள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஆடுபவர்கள் அணிகலன்களைப் பையில் கொண்டுவந்து உள்ளேதான் அணிய வேண்டும். உடை மாற்ற ஓர் அறையையும் சேர்த்துக் கேளுங்கள். விருந்தினர் பெயர்ப்பட்டியலை அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே அனுப்புங்கள். எங்கள் பெயர்களில் இது பெரிய விசயம்: அட்டையில் அப்பாவின் பெயர் முன்னுக்கு இருக்கும், பட்டியலில் பிள்ளையின் பெயர் இருக்கும்.

சமயச் சின்னங்களைத் தனியாகக் கவனியுங்கள். 2011 ஜனவரியில் கியூபெக் சட்டமன்றக் குழுவொன்றின் முன் சாட்சியமளிக்கப் போன சீக்கியர்கள் நால்வர், தங்கள் சமயக் குறுவாளான கிர்பான் அணிந்திருந்ததால் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் அதே கிர்பானுடன் உறுப்பினர்களே அமர்ந்திருக்கிறார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் விதி மாறும். அதனால் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி, அந்தக் கடிதத்தைச் சீக்கிய விருந்தினர்களுக்கு முன்னரே அனுப்பிவைப்பதுதான் மரியாதை.

கொடியும் துணியும் அப்படியே. 2024 ஏப்ரலில், பாலஸ்தீனர்கள் அணியும் கஃபியேத் துணியை அணிவது அரசியல் அடையாளம் என்று சொல்லி அப்போதைய சபாநாயகர் குயின்ஸ் பார்க்கில் தடைவிதித்தார். எல்லாக் கட்சித் தலைவர்களும் தளர்த்தும்படி கேட்ட பிறகு, மே மாதம் சபை மண்டபம் தவிர்ந்த இடங்களில் அனுமதிக்கப்பட்டது. ஒரே நாட்டிலிருந்து வந்தாலும் ஒரே கொடியை ஏற்காத சமூகங்கள் பல உண்டு, எங்களைவிட இது யாருக்குத் தெரியும். நாட்டுக் கொடிகளே வேண்டாம், ஒவ்வொரு மேசையிலும் மொழியின் பெயரும் எழுத்தும் இருக்கட்டும் என்பதே என் தீர்வு. குழுவில் முதல் மாதமே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

விளக்கு

1909இல் கட்டடத்தின் மேற்குச் சிறகு தீயில் போனது. கூரை திருத்த வேலையில் பற்றிய தீ நூலகத்தையும் விழுங்கியது. அப்படி ஒருமுறை எரிந்த வீட்டில் குத்துவிளக்குக்குத் திரியும் எண்ணெயும் கேட்டால் தயங்கத்தான் செய்வார்கள். மின்கல விளக்குப் பொருத்திய குத்துவிளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் குத்துவிளக்கைப் பூவால் நிரப்புங்கள். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒருவர் வந்து ஒரு தட்டில் ஒரு பிடி பூ வைக்கட்டும், பார்க்கவும் அழகு. முதல்குடி மூத்தவர் மூலிகை எரித்துப் புகை காட்ட விரும்பினால் நிலைமை வேறு. அது சடங்கு, அலங்காரம் இல்லை. தீயுணரிகள் பற்றி நிர்வாகத்துடன் பேசி இடம் ஒழுங்கு செய்வது உங்கள் பொறுப்பு. உள்ளே முடியாதென்றால் புல்வெளியில் வைத்துத் தொடங்குங்கள்.

நிகழ்ச்சி நிரல்

இரண்டு மணித்தியாலம் என்றால் மேடைக்கு ஐம்பது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்சம் முழுவதும் ஆட்கள் ஆட்களுடன் பேசுவதற்கு. நான் போன எத்தனையோ விழாக்களில் நாலு நடனம், ஒன்பது பேச்சு, பிறகு எல்லோரும் பெட்டிச் சாப்பாட்டுடன் பேருந்துக்கு ஓட்டம். உறுப்பினர் வந்தார், படம் எடுத்தார், போனார். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

வட்ட மேசைகள் போடுங்கள். ஒரு மேசைக்கு ஓர் உறுப்பினர் அல்லது அவருடைய உதவியாளர், ஏழு விருந்தினர். ஏழு பேரும் ஒரே சமூகமாக இருக்கக் கூடாது, கூடுமானவரை அந்த உறுப்பினரின் தொகுதியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். அஞ்சல் குறியீட்டைப் பதிவின்போதே வாங்கினால் இதை ஒழுங்கு செய்யலாம். மேசையில் மூன்று கேள்விகள் எழுதிய அட்டை ஒன்று. வெளிநாட்டில் பெற்ற தகைமைக்கு இங்கே வேலை கிடைத்ததா, முதியோர் இல்லத்தில் உங்கள் மொழி பேச ஆள் உண்டா, பிள்ளைகளின் சனிக்கிழமை மொழி வகுப்பு எப்படி நடக்கிறது: இப்படி மாகாண அரசின் கைக்குள் இருக்கும் விடயங்களையே கேளுங்கள். குடிவரவுக் கோப்பு பற்றி இங்கே கேட்டுப் பயன் குறைவு, அது ஒட்டாவாவின் வேலை.

பேச்சுக்கு ஆளுக்கு 90 வினாடி. கொஞ்சம் என்று முறைப்பாடு வந்தால் சொல்லுங்கள்: சபைக்குள் உறுப்பினர் கூற்றுக்குக் கொடுப்பதும் அதே 90 வினாடிதான். அனுசரணை தந்த உறுப்பினரிடம் அன்று காலை அந்த 90 வினாடியை இந்த நாளுக்காகப் பாவிக்க முடியுமா என்றும் கேளுங்கள். மாடத்தில் இருக்கும் விருந்தினரைச் சபைக்கு அறிமுகப்படுத்தும் வழக்கமும் உண்டு. மாடத்தில் கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று பேருந்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

மண்டபத்துக்குள் போகிறவர்களிடம் செதுக்கல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசுத் தரப்பின் கண்ணில் படும்படி ஓர் ஆந்தை, விவேகமாக ஆளு என்று. எதிர்க்கட்சியின் கண்ணில் படும்படி ஒரு கழுகு, விழிப்பாக இரு என்று. சட்டமன்றத்தின் இலத்தீன் மகுடவாக்கியத்துக்கு "மற்றத் தரப்பையும் கேள்" என்பது பொருள். வழிகாட்டிச் சுற்றுலாவை நிகழ்ச்சிக்கு முன்னால் வைத்தால் பிள்ளைகள் இதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

சாப்பாடு

கட்டடத்துக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா, யார் பரிமாறலாம் என்பதை எழுத்தில் கேளுங்கள். புல்வெளியில் என்றால் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். சூடானது 60 பாகைக்கு மேல், குளிரானது 4 பாகைக்குக் கீழ். ஒவ்வொரு தட்டின் முன்னும் என்ன இருக்கிறது என்று எழுதிய அட்டை: ஹலால், கோஷர், சைவம், கச்சான், பசும்பால். மட்டன் றோல்ஸும் மரக்கறி றோல்ஸும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒரே தட்டில் வைத்தால் ஒரு இந்துப் பாட்டியோ ஜைனரோ அன்றைக்கு எதையும் தொட மாட்டார்.

அன்றைய நாள்

வாகனத் தரிப்பிடத்தை நம்பாதீர்கள். ஸ்காபரோவிலிருந்து வருகிறவர்கள் கென்னடியில் சுரங்க ரயில் ஏறி, சென்ற் ஜோர்ஜில் மாறி, குயின்ஸ் பார்க் நிலையத்தில் இறங்கலாம். முதியவர்களுக்கு மட்டும் பேருந்து ஒழுங்கு செய்யுங்கள். சக்கர நாற்காலிக்குரிய வாசல் எது, மின்தூக்கி எது என்று முதல் நாளே நடந்து பாருங்கள். வாசலில் நிற்கும் தொண்டர்கள் குறைந்தது ஐந்து மொழி பேச வேண்டும். பிள்ளைகளைப் படமெடுக்கப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் பதிவுப் படிவத்திலேயே இருக்கட்டும்.

முடிந்த பிறகு

மேசைகளில் எழுதிய குறிப்புகளை ஒரு கிழமைக்குள் தட்டச்சு செய்து, எந்தெந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்று உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் பெயருடன் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துத் திரும்பக் கேளுங்கள்.

நன்றிக் கடிதம் எல்லோருக்கும் போகட்டும், பாதுகாப்புப் பிரிவுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சேர்த்து. அன்று காலை உறுப்பினர் சபையில் உங்கள் நாளைப் பற்றிப் பேசியிருந்தால் அது சபைப் பேச்சுகளை எழுத்தில் பதியும் ஹன்சார்ட் பதிவில் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்சிட்டு, வந்த ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நடன ஆசிரியைக்கு ஒன்று, முதல்குடி மூத்தவருக்கு ஒன்று, வாசலில் அழுத அந்தப் பிள்ளை போன்றவர்களுக்கும் ஆளுக்கொன்று.